பழைய பிபிசி மைக்ரோ, யுனிகார்ன் கணினிகளைப் பழுதுபார்த்து ஓட வைப்பது எப்படி?

பரணிலிருந்தோ பள்ளி ஸ்டோர் ரூமிலிருந்தோ ஒரு பிபிசி மைக்ரோ கைக்கு வந்தால் முதல் வேலை அதன் பவர் ஒயரைச் சுருட்டிக் கட்டி வைப்பதுதான். "ஓடுதா பார்ப்போம்" என்று யாராவது பிளக்கில் செருகிவிட்டால், சில நிமிடங்களில் உள்ளேயிருந்து நாற்றமடிக்கும் புகை வரலாம். புகை வந்த பிறகும் பெரும்பாலான இயந்திரங்கள் ஓடும். ஆனால் உள்ளே படியும் பிசுபிசுப்பைத் துடைப்பது ஒரு நாள் வேலை. பவர் சப்ளையைத் திறந்து இரண்டு கெப்பாசிட்டரை மாற்றாமல் இதற்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் நிறுவனம், பிபிசி ஒளிபரப்பு நிறுவனத்தின் கணினிக் கல்வித் திட்டத்துக்காக 1981 டிசம்பரில் கொண்டுவந்த இயந்திரம் இது. மூளை 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502ஏ. மாடல் ஏ-யில் 16 கிலோபைட் நினைவகம், மாடல் பி-யில் 32. இந்தியாவில் 1984-ல் தொடங்கிய 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தின் வழியாக இது பள்ளிகளுக்கு வந்தது. மொகாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம், ஏகார்ன் அனுப்பிய உதிரிகளைக் கொண்டு இதையே 'எஸ்சிஎல் யுனிகார்ன்' என்ற பெயரில் பூட்டி விற்றது. பிரிட்டிஷ் மாடல் பி இன்றும் ஏலத்தில் கிடைக்கும். யுனிகார்ன் அப்படியில்லை. உங்களிடம் இருப்பது யுனிகார்ன் என்றால், கீழே சொல்வதை இன்னும் ஒரு மடங்கு நிதானத்தோடு செய்யுங்கள். கழற்றும் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

வேலையின் வரிசை முக்கியம்: பவர் சப்ளை, பிறகு ரீசெட்டும் கடிகாரத் துடிப்பும், பிறகு ரோம், பிறகு ரேம், கடைசியில் கீபோர்டும் படமும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மூன்று சிப்பை ஒன்றாக மாற்றி இயந்திரம் ஓடிவிட்டால் எது பழுது என்று தெரியாது. ஓடாவிட்டால் குழப்பம் மூன்று மடங்கு.

தேவையானவை

டிஜிட்டல் மல்டிமீட்டர், வெப்பம் கட்டுப்படுத்தும் சால்டரிங் அயர்ன், 60/40 ஈயக் கம்பி, சால்டர் பம்ப், சால்டர் விக், 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பழைய டூத் பிரஷ், கான்டாக்ட் கிளீனர், ஐசி பிடுங்கும் கிளிப். லாஜிக் புரோப் (சிப்பின் கால் உயர்ந்திருக்கிறதா, தாழ்ந்திருக்கிறதா, துடிக்கிறதா என்று காட்டும் கருவி) இருந்தால் வேலை பாதியாகும். ஆசிலாஸ்கோப் இருந்தால் நல்லது, இல்லாமலும் பெரும்பாலான பழுதைக் கண்டுபிடிக்கலாம். வீட்டு வயரிங் செய்பவர்கள் வைத்திருக்கும் சீரிஸ் பல்பு போர்டு (மின்சாரம் ஒரு பல்பைக் கடந்தே இயந்திரத்துக்குப் போகும் பலகை) ஒன்று கட்டாயம் வேண்டும். அதில் எல்இடி வேண்டாம், 100 வாட் இழை பல்பு போடுங்கள்.

கெப்பாசிட்டர்கள் மூன்று: 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 ஒன்று, 0.01 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 ஒன்று, 220 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிடிக் ஒன்று. எக்ஸ்2 இரண்டும் பாலிபுரொப்பிலீன் வகையாக, 275 வோல்ட் ஏசி அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். சென்னை ரிச்சி தெருக் கடைகளில் கேட்கும்போது 'எக்ஸ்2' என்று அழுத்திக் கேளுங்கள். "400 வோல்ட் இருக்கு, தாங்கும்" என்று தருவது சாதாரண டிசி கெப்பாசிட்டராக இருக்கலாம். மெயின்ஸ் லைனுக்குக் குறுக்கே உட்காரும் இடத்தில் அதைப் போடக்கூடாது, அது பழுதானால் தீப்பிடிக்கும். எலக்ட்ரோலிடிக்குக்கு 105 டிகிரி, குறைந்த உள்தடை கொண்டது.

பெட்டியைத் திறப்பது

மூடியை நான்கு ஸ்க்ரூ பிடித்திருக்கும். பின்புறம் இரண்டு, அடியில் முன்பக்கமாக இரண்டு. பக்கத்தில் 'ஃபிக்ஸ்' என்ற ஆங்கிலச் சொல் அச்சாகியிருக்கும். மூடியை நேராக மேலே தூக்குங்கள். ஃபங்ஷன் பட்டன்களுக்கு மேலே இருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பட்டை இத்தனை வருடத்தில் மொறுமொறுவென்று ஆகியிருக்கும், அதில் கை ஊன்றாதீர்கள்.

திறந்ததும் எதையும் தொடாமல் எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். ஒவ்வொரு சிப்பின் எழுத்தும், அதன் பள்ளம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். பிறகு கீபோர்டின் போல்ட்டுகளைக் கழற்றி, போர்டுக்குப் போகும் 17 கம்பி ரிப்பன் கேபிளை இருபக்கமும் சமமாகப் பிடித்து இழுங்கள். இது ஒற்றை வரிசைக் கனெக்டர், திரும்ப மாட்டும்போது ஒரு பின் தள்ளி உட்கார்ந்துவிடலாம். மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் ஒயரையும் உருவுங்கள்.

பவர் சப்ளையிலிருந்து மெயின் போர்டுக்கு ஏழு ஒயர் வரும். சிவப்பு மூன்று +5 வோல்ட், கறுப்பு மூன்று பூஜ்யம், ஊதா ஒன்று −5 வோல்ட். ஒவ்வொன்றும் போர்டில் நிற்கும் தகட்டில் செருகியிருக்கும். ஒயரைப் பிடித்து இழுக்காமல், உலோகக் கிளிப்பை மூக்குக் குறடால் பிடித்து மெதுவாக ஆட்டி எடுக்க வேண்டும். பெட்டியின் அடியில் உள்ள மூன்று ஸ்க்ரூவைக் கழற்றினால் சப்ளை தனியாக வந்துவிடும்.

பவர் சப்ளை

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

பெரும்பாலான இயந்திரங்களில் இருப்பது ஆஸ்டெக் நிறுவனத்தின் ஸ்விட்ச் மோட் சப்ளை. ஆரம்பகால இயந்திரங்கள் சிலவற்றில் கறுப்புப் பெட்டியில் லீனியர் சப்ளை இருக்கும். யுனிகார்னில் எந்த நிறுவனத்துடையது என்பதை மேலே ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இனிச் சொல்வது ஆஸ்டெக் சப்ளைக்கு.

மின்சாரம் கொடுத்த சப்ளை என்றால், பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடமாவது விட்ட பிறகே திறக்கலாம். உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட் அளவுக்கு டிசி தேங்கி நிற்கும். மல்டிமீட்டரை 1000 வோல்ட் டிசி-யில் வைத்து அதன் இரண்டு காலிலும் அளந்து பாருங்கள். 10 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட்டட் குறடால் பிடித்துச் சில விநாடி குறுக்கே வையுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து தீப்பொறி பறக்க விடும் பழக்கம் வேண்டாம். கெப்பாசிட்டரும் கெடும், கண்ணுக்கும் ஆபத்து.

மெயின்ஸ் உள்ளே வரும் இடத்தில் தேன் நிறத்தில், ஒளி ஊடுருவும் ரெசின் உறை போட்ட இரண்டு கெப்பாசிட்டர் தெரியும். போர்டில் சி1, சி9 என்று குறித்திருக்கும். பெரும்பாலும் ரிஃபா நிறுவனத்துடையவை. இவற்றின் உள்ளே இருப்பது உலோகம் பூசிய காகிதம். வருடக் கணக்கில் ரெசின் உறையில் நுண்ணிய விரிசல் விழும், விரிசல் வழியே காற்றின் ஈரம் காகிதத்தில் ஏறும். ஈரமான காகிதத்துக்குக் குறுக்கே 230 வோல்ட் போனால் அது சூடாகி, வாயு பிதுங்கி, வெடித்துப் புகையும். கடலோர ஊர்களில் கிடந்த இயந்திரத்தில் உறை பார்க்க நன்றாக இருந்தாலும் நம்ப வேண்டாம். இவை மெயின்ஸில் இரைச்சலை வடிகட்டுபவை மட்டுமே. அதனால்தான் வெடித்த பிறகும் கணினி ஓடுகிறது. அதற்காக இல்லாமலே விட்டுவிடாதீர்கள். இல்லாவிட்டால் சப்ளையின் இரைச்சல் வீட்டு வயரிங்கில் ஏறி ரேடியோ வரை கரகரக்கும்.

சி1 இடத்தில் 0.1, சி9 இடத்தில் 0.01. இவற்றுக்கு முன்பின் துருவம் கிடையாது. வாங்கும் முன் பழைய கெப்பாசிட்டரின் கால் இடைவெளியை ஸ்கேலால் அளந்துகொண்டு போங்கள். புதியவை பெரும்பாலும் சிறியதாக இருக்கும், காலை வளைத்துப் பொருத்த நேரிட்டால் மேலே ஸ்லீவ் போடுங்கள். அடுத்து, 220 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிடிக், சி6. இது காய்ந்துபோனால் வெளிவரும் வோல்டேஜ் நிலையாக நிற்காது. இதற்குத் துருவம் உண்டு. கழற்றும் முன் படத்தில் மைனஸ் பட்டை எந்தப் பக்கம் என்று பார்த்து, அப்படியே போடுங்கள். மற்ற எலக்ட்ரோலிடிக்குகளின் தலை உப்பியிருந்தாலோ அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தாலோ மாற்றுங்கள். நன்றாக இருப்பதையும் சேர்த்து எல்லாவற்றையும் மாற்றிவிடும் ஆர்வம் பலருக்கு உண்டு. அரிதான இயந்திரத்தில் அது தேவையில்லாத சால்டரிங், தேவையில்லாத ஆபத்து.

மூடும் முன் பவர் ஒயரைப் பாருங்கள். இது சப்ளையோடு சேர்ந்தே வரும் ஒயர். உள்ளே நுழையும் இடத்தில் ரப்பர் வெடித்திருந்தால் மூன்று கம்பி ஒயராக மாற்றுங்கள். எர்த் கம்பி சப்ளையின் உலோகப் பெட்டியோடு இணைந்திருக்கிறதா என்று மீட்டரில் பார்த்தால் ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். இங்கிலாந்துப் பிளக்கின் உள்ளே ஃபியூஸ் இருக்கும், நம் பிளக்கில் கிடையாது. பிளக்கை மாற்றினால் 3 ஆம்பியர் ஃபியூஸை லைன் கம்பியில் தனியாகப் போட்டுவிடுங்கள்.

சோதிக்கும்போது மெயின் போர்டில் மாட்ட வேண்டாம். ஸ்விட்ச் மோட் சப்ளைக்குச் சுமை இல்லாவிட்டால் வோல்டேஜ் ஒழுங்காக நிற்காது என்பதால், ஒரு சிவப்புக்கும் ஒரு கறுப்புக்கும் நடுவே 4.7 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை மாட்டுங்கள். ஏறக்குறைய ஓர் ஆம்பியர் இழுக்கும், நன்றாகச் சுடும். பீங்கான் தட்டின் மேல் வைத்துவிடுங்கள். சீரிஸ் பல்பு வழியாக மின்சாரம் கொடுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட், உடனே அணையுங்கள். பல்பு குறுக்கே இருப்பதால் சப்ளை கிளம்பத் திணறி டிக் டிக் என்று அடிக்கலாம், அதைப் பழுது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பல்பு மங்கிய பிறகு நேரடியாக மெயின்ஸில் கொடுத்து அளக்கவும். சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஊதாவில் −5-க்கு அருகில். சிவப்பில் 5.5-ஐத் தாண்டினால் அந்தச் சப்ளையை எந்தக் காரணத்துக்காகவும் போர்டில் மாட்டாதீர்கள். நினைவக சிப்களும் யுஎல்ஏ சிப்களும் (இந்த இயந்திரத்துக்கென்றே செய்த தனிச் சிப்கள்) ஒரே நேரத்தில் போய்விடும், யுஎல்ஏ எந்தக் கடையிலும் புதிதாகக் கிடைக்காது.

மெயின் போர்டு: சுத்தம்

சப்ளை இல்லாத நிலையில் போர்டின் +5 தகட்டுக்கும் பூஜ்யத் தகட்டுக்கும் நடுவே ஓம் அளந்து பாருங்கள். மீட்டரின் பீப் சத்தத்தை நம்ப வேண்டாம். இத்தனை சிப் உள்ள போர்டில் தடை இயல்பாகவே குறைவு என்பதால் பீப் அடித்துவிடும். எண்ணைப் பாருங்கள். இரண்டு மூன்று ஓமுக்குக் கீழே இருந்தால்தான் ஷார்ட்.

நம் பகுதியில் கிடந்த போர்டுகளில் தூசியைவிட அதிகம் தொல்லை தருவது பல்லி எச்சம், கரப்பான் எச்சம், எறும்புப் புற்று. இவை செம்புப் பாதையை அரிக்கும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டு ஆல்கஹாலில் நனைத்துத் தேயுங்கள். பச்சை பூத்த இடத்தில் பாதை அறுந்திருக்கிறதா என்று இரு முனையிலும் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். அறுந்திருந்தால் சிப்பின் காலிலிருந்து காலுக்கு மெல்லிய எனாமல் கம்பி இழுக்கலாம்.

சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு சிப்பையும் ஒரு முறை எழுப்பி, காலைத் துடைத்து, சாக்கெட்டில் கான்டாக்ட் கிளீனர் அடித்து, திரும்ப அழுத்துங்கள். ஓடாத பிபிசி மைக்ரோவில் இந்த ஒரு வேலையிலேயே எழுந்து ஓடுபவை நிறைய. ஒரு சிப்பை எடுத்தால் அதை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பள்ளம் எதிர்ப்பக்கம் வரும்படி திருப்பி மாட்டினால் சிப் போச்சு. கறுத்த வெள்ளிக் கால்களை ஃபைபர் பென்சில் அல்லது மென்மையான அழிப்பானால் தேய்க்கலாம், உப்புத்தாள் வேண்டாம். வீடியோ யுஎல்ஏ-வின் மேல் ஒட்டியிருக்கும் ஹீட் சிங்கைப் பிடித்து நெம்பாதீர்கள், சிப்பின் அடியிலிருந்து நெம்புங்கள்.

ஏழு ஒயரும் செருகும் தகடுகளைப் பளிச்சென்று தேய்த்துவிடுங்கள். சிவப்பு மூன்றும் ஒன்றுதானே என்று ஒன்றை விட்டுவிட்டால் போர்டின் ஒரு பகுதிக்குப் போதுமான மின்சாரம் போகாது. எல்லாம் மாட்டி மின்சாரம் கொடுத்த பிறகு, 6502-வின் 8-வது காலில் (+5), 21-வது காலில் (பூஜ்யம்) மீட்டரை வைத்து அளக்கவும். சப்ளையில் 5.05 இருந்து இங்கே 4.7 காட்டினால் களிம்பேறிய கிளிப்தான் குற்றவாளி.

முதல் ஓட்டம்: சத்தத்தைக் கேளுங்கள்

நல்ல இயந்திரம் ஆன் செய்ததும் தாழ்ந்த சுருதியில் ஒரு நீண்ட ஒலி, உடனே உயர்ந்த சுருதியில் குறுகிய 'பீப்' என்று சொல்லும். ஒலி தரும் 76489 சிப்பை மென்பொருள் அடக்கும் வரை அது தன்னிச்சையாகக் கத்தும். ஆபரேட்டிங் சிஸ்டம் ஓட ஆரம்பித்து அதை அடக்கிவிட்டுத் தன் பீப்பை அடிக்கிறது. ஆக, திரையே இல்லாமல் காதால் பாதிச் சோதனை முடிந்துவிடும். தாழ்ந்த ஒலி நிற்காமல் இழுத்துக்கொண்டே போனால் 6502 ஓடவில்லை, அல்லது ரோமைப் படிக்க முடியவில்லை. இரண்டும் வந்து திரையில் ஒன்றும் இல்லாவிட்டால் கணினி நலம், படப் பகுதியை மட்டும் பாருங்கள்.

ஒலி இழுத்துக்கொண்டே போனால் லாஜிக் புரோபை எடுத்து 6502-வின் கால்களில் வையுங்கள். 40-வது கால் ரீசெட். ஆன் செய்ததும் ஒரு கணம் தாழ்ந்து பிறகு உயர்ந்து நிற்க வேண்டும். தாழ்ந்தே நின்றால் பிரேக் பட்டன் உள்ளே சிக்கியிருக்கலாம், கீபோர்டைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அப்படியும் தாழ்ந்தால் ரீசெட் துடிப்பைத் தரும் 555 சிப், ஐசி16. அடுத்து 37-வது காலில் கடிகாரத் துடிப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் நேராக ஐசி6-க்குப் போங்கள். 16 மெகாஹெர்ட்ஸைப் பிரித்து 8, 4, 2, 1 மெகாஹெர்ட்ஸ் ஆக்குவது வீடியோ யுஎல்ஏ-வின் வேலை. படத்துக்கான சிப்தானே என்று இதை விட்டுவிட்டு நாள் முழுக்க 6502-வைச் சுற்றி வருபவர்கள் உண்டு. யுஎல்ஏ-வின் ஒரு கால் சாக்கெட்டில் சரியாக உட்காரவில்லை என்றாலும் முழு இயந்திரமும் நின்றுவிடும்.

துடிப்பு இருந்து, 7-வது காலில் (சிங்க்) அசைவே இல்லை என்றால் 6502 ஐயத்துக்குரியது. இது இன்றும் எளிதில் கிடைக்கும். 2 மெகாஹெர்ட்ஸ் தாங்கும் 'ஏ' வகைதானா என்று பார்த்து வாங்குங்கள். சிங்க் துடித்தும் இயந்திரம் எழவில்லை என்றால் ஆபரேட்டிங் சிஸ்டம் ரோம் (ஐசி51), கீபோர்டு, ஒலி போன்றவற்றைக் கவனிக்கும் சிஸ்டம் வயா (ஐசி3), ரேம் என்ற வரிசையில் போகலாம். ஐசி3-யும் ஐசி69-யும் ஒரே 6522 சிப்தான். சாக்கெட்டில் இருந்தால் இடம் மாற்றிப் பாருங்கள், செலவில்லாத சோதனை.

ரோம்

திரையில் பெயர் வந்து, அடியில் 'லாங்வேஜ்?' என்று ஆங்கிலத்தில் கேட்டால் பயப்பட வேண்டாம். ஆபரேட்டிங் சிஸ்டம் நலம், பேசிக் நிரல்மொழி இருக்கும் ரோமைத்தான் காணவில்லை. அந்தச் சிப்பை எடுத்துத் துடைத்து மாட்டினாலே பெரும்பாலும் சரியாகும். ஓட ஆரம்பித்ததும் நட்சத்திரக் குறி போட்டு 'ஹெல்ப்' என்று தட்டினால் பதிப்பைச் சொல்லும், 1.20 என்று வர வேண்டும். 'ரிப்போர்ட்' என்று தட்டினால் பேசிக்கின் காப்புரிமை ஆண்டு வரும்: 1981 என்றால் முதல் பேசிக், 1982 என்றால் இரண்டாவது.

யுனிகார்ன் அல்லது பள்ளியில் இருந்த இயந்திரத்தில் கூடுதலாக ரோம் சிப்கள் செருகியிருந்தால், வேறெதையும் செய்யும் முன் அவற்றைப் புரோகிராமரில் மாட்டிப் படித்துக் கோப்பாகச் சேமித்துவிடுங்கள். அந்த மென்பொருளின் வேறு பிரதி எங்கும் இல்லாமல் இருக்கலாம். கண்ணாடி ஜன்னல் உள்ள ஈப்ரோம் (புற ஊதா ஒளியால் அழித்து மறுபடி எழுதும் ரோம்) என்றால் மேலே ஒட்டிய லேபிளைப் பிய்க்காதீர்கள், வெளிச்சம் உள்ளே போனால் காலப்போக்கில் எழுதியது அழியும். படிப்பதற்கு டிஎல்866 வகைப் புரோகிராமர் எதுவும் போதும். பழைய 27128-ல் எழுதத்தான் 21 வோல்ட் வேண்டும், டிஎல்866-2 பிளஸ் அந்த அளவுக்கு ஏறாது. எழுதுவதற்கு 27சி512 வாங்குங்கள். அதில் 64 கிலோபைட் இடம், நம் ரோம் 16 கிலோபைட். அதே படிமத்தை நான்கு முறை அடுத்தடுத்து எழுதிவிட்டால் மேல் முகவரிக் கால்கள் எந்த நிலையில் இருந்தாலும் சரியானதே படிக்கப்படும்.

ரேம்

ஐசி53 முதல் ஐசி68 வரை பதினாறு சிப், ஒவ்வொன்றும் 16 கிலோபிட், 4816 வகை. எட்டு சிப் சேர்ந்து 16 கிலோபைட். ஒவ்வொரு சிப்பும் ஒரு பைட்டின் ஒரு பிட்டை மட்டும் வைத்திருக்கும் என்பதால், ஒரு சிப் கெட்டால் அந்தப் பாதியின் எல்லா பைட்டிலும் அதே பிட் தவறும். மாடல் பி-யில் '32கே' வர வேண்டிய இடத்தில் '16கே' வந்தால், மாடல் ஏ-யை பி ஆக்கும்போது சேர்க்கும் ஐசி53 முதல் 60 வரையுள்ள எட்டில் ஐயம் கொள்ளலாம்.

திரை எழுத்துகளே ஒரு சோதனைக் கருவி. பூஜ்யம் பிட் எப்போதும் 1 ஆகச் சிக்கிக்கொண்டால் 'பி' எழுத்து (66) 'சி' (67) ஆகும். 'பிபிசி' என்று வர வேண்டியது 'சிசிசி' என்று வரும், இடைவெளி இருந்த இடத்தில் ஆச்சரியக்குறி நிற்கும், '32கே' என்பது '33கே' ஆகும். எந்த எழுத்து எதுவாக மாறியது என்று இரண்டின் எண்ணையும் எழுதிக் கழித்துப் பார்த்தால் பிட் எண் தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: மோட் 7-ல் (ஆன் செய்ததும் வரும் எழுத்துத் திரை) மட்டும் இப்படி வந்து, மற்ற மோட்களில் எழுத்து சரியாக இருந்தால் ரேம் குற்றமற்றது. மோட் 7 எழுத்துகளை வரையும் எஸ்ஏஏ5050 (ஐசி5) அல்லது அதற்கு ஊட்டும் சிப்பைப் பாருங்கள்.

இயந்திரம் பேசிக் வரை வந்துவிட்டால் சிறு நிரல் போதும். கீழே முன்னால் குறி போட்ட முகவரிகள் பதினாறடிமான எண்கள். &2000 முதல் &7000 வரை ஒவ்வொரு முகவரியிலும் 85 எழுதிப் படிக்கச் சொல்லுங்கள், பிறகு 170. இரண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழான பிட் வரிசை என்பதால் எல்லா பிட்டும் பூஜ்யத்திலும் ஒன்றிலும் சோதிக்கப்படும். எழுதியதற்கும் படித்ததற்கும் வித்தியாசம் எப்போதும் 16 என்றால் நான்காம் பிட், 128 என்றால் ஏழாம் பிட். &4000-க்குக் கீழே மட்டும் பிழை என்றால் முதல் பாதி, மேலே மட்டும் என்றால் இரண்டாம் பாதி. அந்தப் பிட்டுக்கு எந்த ஐசி என்று சர்வீஸ் மேனுவலின் வரைபடத்தில் இருக்கும். வித்தியாசம் ஒரே பிட்டாக இல்லாமல் தாறுமாறாக வந்தால் ரேமைக் குற்றம் சொல்லாதீர்கள். இந்த இயந்திரத்தில் ரேமைப் புதுப்பித்துக்கொண்டிருப்பது, திரைக்காக 6845 (ஐசி2) செய்யும் வாசிப்புதான். அது தடுமாறினால் பதினாறு சிப்பும் ஒன்றாக மறந்துபோகும்.

மாற்றும் சிப் 4816 ஆகவோ, 5 வோல்ட் மட்டும் கேட்கும் அதன் நிகரான வகையாகவோ இருக்க வேண்டும். கடையில் 4116-ஐக் கையில் கொடுப்பார்கள். அது +12, +5, −5 என்று மூன்று வோல்டேஜ் கேட்கும் வேறு சிப், கால் எண்ணிக்கை மட்டும்தான் ஒன்று. பழைய சிப்பை முழுதாகக் கழற்ற முயன்று போர்டின் பாதையைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள். சிப் உறுதியாகக் கெட்டது என்று தெரிந்தால் கால்களைக் கட்டரால் நறுக்கி உடலை எடுத்துவிட்டு, 350 டிகிரியில் ஒவ்வொரு காலாக உருவுங்கள். துளையைப் பம்ப்பால் காலி செய்து 16 கால் சாக்கெட் போட்டால் அடுத்த முறை சால்டரிங் வேலையே இல்லை.

கீபோர்டு, படம்

ஒரே ஒரு பட்டன் வேலை செய்யவில்லை என்றால் சுவிட்ச். கான்டாக்ட் கிளீனரை ஒரு துளி விட்டு ஐம்பது முறை அழுத்துங்கள். ஒரு வரிசையே வேலை செய்யவில்லை என்றால் கீபோர்டு பலகையில் உள்ள 7445 அல்லது 74எல்எஸ்251, அல்லது அந்த ரிப்பன் கேபிள். சோதிக்க மூன்று வரி நிரல் போதும்: ரிப்பீட், பிரிண்ட் கெட், அன்டில் ஃபால்ஸ். ஒவ்வொரு பட்டனுக்கும் அதன் எண் வரும். ஸ்பேஸ் பாரைக் கழற்றும்போது அடியில் இருக்கும் கம்பியை முதலில் விடுவியுங்கள்.

படத்துக்கு எளிய வழி பின்னால் உள்ள பிஎன்சி கனெக்டர். பிஎன்சி-யிலிருந்து ஆர்சிஏ ஆக்கும் சிறு அடாப்டர் போட்டு டிவியின் மஞ்சள் துளையில் செருகினால் கறுப்பு வெள்ளையில் படம் வரும். நான்காம் பதிப்பு போர்டு முதல் எஸ்39 என்ற இணைப்பை மூடினால் அதிலேயே நிறமும் வரும். போர்டு சூடான பிறகு மட்டும் புள்ளிகள் மினுமினுத்தாலோ நிறம் மாறினாலோ வீடியோ யுஎல்ஏ-வின் சூடு காரணமாக இருக்கலாம். ஃபெராண்டி தயாரித்த ஆரம்பகால யுஎல்ஏ-வில் இது வழக்கம், இன்னும் பெரிய ஹீட் சிங்க் ஒட்டுங்கள்.

வெளிப்பெட்டி

மிதமான சோப்புத் தண்ணீர், மென்மையான துணி, அவ்வளவுதான். மஞ்சளேறிய பிளாஸ்டிக்கை 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீம் தடவி வெயிலில் வைத்து வெளுக்கலாம். கிரீம் காய்ந்தால் திட்டுத்திட்டாக நிற்கும், பிளாஸ்டிக் தாளால் மூடி மணிக்கொரு முறை மறுபடி தடவ வேண்டும். மே மாத உச்சி வெயிலில் வைத்தால் மூடி வளையவும் வாய்ப்புண்டு. யுனிகார்னுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆண்டுகள் போனால் மஞ்சள் திரும்பவும் ஏறும், ஆனால் அழிந்த பெயர்ச் சின்னம் திரும்ப வராது. பெட்டியில் பெயின்ட்டால் எழுதிய பள்ளியின் இருப்பு எண்ணையும் அழிக்காதீர்கள். எந்த இயந்திரம் எங்கே இருந்தது என்பதற்கு அதுதான் மிஞ்சியிருக்கும் ஒரே சான்றாக இருக்கலாம்.

மென்பொருள் ஏற்றுவது

கேசட் துறைக்கு 7 பின் டின் (DIN) கேபிள் ஒன்று செய்து மறுமுனையை ஃபோனின் ஹெட்ஃபோன் துளையில் செருகினால், பழைய நிரல்களை ஒலிக் கோப்பாக ஓட்டியே ஏற்றலாம். ஒலி அளவை முக்கால் பங்கில் தொடங்கி மேலும் கீழும் மாற்றிப் பாருங்கள், ஃபோனில் ஈக்வலைசர் அணைந்திருக்க வேண்டும். அடிக்கடி பயன்படுத்துவதானால் யூசர் போர்ட்டில் மாட்டும் எஸ்டி கார்டு பலகை வசதி. கார்டை டிஸ்க் போலப் படிக்க வைக்கும் எம்எம்எஃப்எஸ் ரோமைக் காலி சாக்கெட்டில் போட வேண்டும். கிடைக்கவே அரிதான 8271 டிஸ்க் கன்ட்ரோலரைத் தேடி அலைய வேண்டியதில்லை, போர்டில் ஒரு பாதையைக்கூட வெட்ட வேண்டியதில்லை.

கழற்றிய ரிஃபா கெப்பாசிட்டர், கெட்ட சிப், பழைய ஒயர் எல்லாவற்றையும் தேதியும் இருந்த இடமும் எழுதிய பிளாஸ்டிக் கவரில் போட்டு இயந்திரத்தோடு வையுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை இரண்டு போடுங்கள். மாதம் ஒரு முறை அரை மணி நேரம் ஓட விடுங்கள், அந்த நேரத்தில் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் பின்பக்க சுவிட்சோடு நிறுத்தாமல் பிளக்கையும் பிடுங்கி வையுங்கள்.